இரும்புத் தகடும் லாப்பிசும்

1927 மார்ச் 7, திங்கள்
சிம்பாங் பூலாய் கல்குவாரியில் கல் உடைப்பவர்களுக்கு மார்க்கவசம் கொடுக்கப் போகிறார்கள். இரும்புத் தகடா, கான்வாசும் ரப்பரும் மாற்றி மாற்றி ஆறு அடுக்காக ஒட்டியதா, எது நல்லது என்று துரைக்கு எழுதிக் கொடுப்பது கணக்கெழுதும் கிராணியான என் வேலை. காலையில் இரண்டையும் மரத்தில் கட்டி உளி அடித்துப் பார்த்தோம். தகடு ஓட்டை. மற்றதில் மூன்றாம் அடுக்கோடு உளி நின்றுவிட்டது. மலாய்க்கடை அடுக்குப் பலகாரம் மாதிரி இருக்கிறதாம், ஆட்கள் அதற்குள் ‘லாப்பிஸ்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மார்ச் 8
கல் உடைக்கிறவர்களில் சன்னாசிக்குத் தகடு, வீரம்மாவுக்கு லாப்பிஸ். ஒரு வாரம் போட்டுப் பார்க்கட்டும்.

மார்ச் 15
ஆபீஸ் படியில் நின்றே இருவரையும் கேட்டேன்.
“கொதிக்குதுலா ஐயா, நெஞ்சே வெந்துபோச்சு” என்றான் சன்னாசி.
“பரவால்லீங்க ஐயா” என்றாள் வீரம்மா. என் மனைவி செல்லாச்சியின் குழம்புக்கு நான் அப்படிச் சொன்னால் அது பாராட்டு. ‘லாப்பிஸ் திருப்தி’ என்று எழுதிக் கொடுத்தேன். துரை முப்பது செய்யச் சொல்லிவிட்டார்.

மார்ச் 18
உச்சி வெயிலில் வீரம்மாவின் இடது தோளுக்குக் கீழே கல் சில்லு ஏறிவிட்டது. லாப்பிஸ் போட்டுத்தான் இருந்தாள். எடுத்துப் பார்த்தேன் — பசை இளகி அடுக்கெல்லாம் வாய் பிளந்து கிடக்கிறது. சணலால் தானே தைத்திருக்கிறாள்.
“மூணாம் நாளே பிரிஞ்சிருச்சு ஐயா. சொன்னா குத்தமாயிடுமோன்னு பயந்துச்சு” என்றான் சன்னாசி.
அப்படியென்றால் அந்தப் ‘பரவால்லை’ — ‘நான் சமாளித்துக்கொள்கிறேன்’ என்பதா?

மார்ச் 19
சொல்லின்ர தலையில பழியைப் போடுறன். சீ! படி இறங்கிப் போய் ஒருக்கால் தொட்டுப் பாத்தனானா? வெயிலெண்டு நிண்டனான். கூலிப் பொம்பிளையின்ர வேர்வைச் சாமானைத் தொடுறதோ எண்டும் நிண்டனான். காலமைக் குளிருக்க உளி அடிச்சுப்போட்டு எழுதினனே, எனக்கென்ன விசரே?
திங்கட்கிழமை அந்த முப்பதையும் கொடுக்கப் போகிறார்கள்.

மார்ச் 21
பார்க்காமல் எழுதினேன் என்று துரையிடம் சொன்னேன். அவள் தைத்த ஊசித் துளையால்தான் கெட்டது என்று எழுது, உனக்கும் நல்லது என்றார். நான் எழுதவில்லை. முப்பதும் கிடங்கிலேயே கிடக்கின்றன. என்னை லாரி எண்ணும் வேலைக்கு இறக்கிவிட்டார். வீரம்மாவுக்கு அடிபட்டதைக் கேட்ட நாளிலிருந்து செல்லாச்சி என்னோடு கதைக்கவில்லை.

ஏப்ரல் 11
வீரம்மா தண்ணீர் எடுக்கும் வேலைக்கு வந்திருக்கிறாள். வாளி வலது கையில். இடது கை தொங்குகிறது. கிட்டப் போய், “கை எப்படி இருக்கிறது?” என்று கேட்டேன்.
என் முகத்தை நேரே பார்த்தாள்.
“தூக்க முடியல. எழுதிக்குங்க.”