காதருக்கு இலை போட்ட மதியம்

அன்புள்ள அப்பா,

நேற்று பண்ருட்டிக்குப் போகும் வழியில் ரயில் நெல்லிக்குப்பத்தில் நின்றது. ஆலையில் கரும்புச்சாறு காயும் வாசனை பெட்டிக்குள் வந்து நிறைந்தது. எதிரே இருந்த பெண் தன் குழந்தையிடம், "மோந்து பாரு, வெல்லம்!" என்று சிரித்தாள். என்னால் உட்கார முடியவில்லை. எழுந்துபோய் மறுபக்கத்துக் கதவருகே நின்றுகொண்டேன். நீங்கள் கடைசியாக மூச்சுவிட்ட ஊரின் காற்று அது.

கல்லூரியில் நான் உலக மதங்களைப் பற்றிய பாடத்தை எடுத்தபோது உறவுக்காரர்கள் சிரித்தார்கள். கணக்குப் படித்தால் ஆபீஸ் வேலையாவது கிடைக்கும், இது எதற்கு என்றார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. அப்போதெல்லாம் சிதம்பரத்துத் தேர் வீதிகளில் கல்யாணம் என்றால் உங்கள் சமையல்தான். பந்தி முடிந்து களைத்து வந்தாலும், ஈரத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "இன்னிக்கு எந்த சாமிடா?" என்று கேட்பீர்கள். பௌத்தத் துறவிகள் உச்சிப்பொழுதுக்குப் பிறகு உண்பதில்லை என்பேன். ஈஸ்டருக்கு முன் கிறிஸ்தவர்கள் நோன்பிருப்பதைச் சொல்வேன். மதங்கள் போன ஊரிலெல்லாம் அடுப்பங்கரையும் மாறியது என்று பேராசிரியர் நடத்தியதைச் சொன்ன அன்று நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள்.

"அப்படிப் போடு! இத ஏன்டா மொதல்லயே சொல்லல?"

காதர் என் வகுப்புத் தோழன். பரங்கிப்பேட்டையிலிருந்து ரயிலில் வந்து போவான். வேறு மதத்தார் வீட்டு விழா ஒன்றைப் பார்த்துக் கட்டுரை எழுதச் சொன்னார் பேராசிரியர். ரம்ஜான் மாதத்தில் ஒரு மாலை காதர் என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனான். நான் சைவம் என்று அவன் அம்மா எனக்காகக் கறி சேர்க்காமல் தனியாக நோன்புக் கஞ்சி காய்ச்சியிருந்தார்கள். அது மனதிலேயே இருந்தது. மார்கழி பிறந்ததும் உங்களிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"திருவாதிரைக்கு காதர நம்ம வீட்டுக்குக் கூப்பிடட்டுமாப்பா?"

தேங்காய் துருவிக்கொண்டிருந்த உங்கள் கை நின்றது. நம் வீதியில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். எனக்குப் புத்தகங்கள்தான் தெரியும். மறுபடி துருவத் தொடங்கியபடி, "அவனுக்குக் காரம் ஒத்துக்குமா?" என்று மட்டும் கேட்டீர்கள்.

தரிசனக் கூட்டம் வீதியை நிறைத்திருந்த மதியத்தில் காதர் வந்தான். அம்மா வாசற்கதவைச் சாத்தப் போனாள். "தொறந்தே இருக்கட்டும்" என்றீர்கள். நீங்களே இலை போட்டு, களியும் ஏழுகறிக் கூட்டும் பரிமாறினீர்கள்.

"இனிப்புக்குக் கூட்டா, மாமா?" என்றான் காதர்.

"மாமான்னு கூப்புட்டுட்டல்ல? அப்ப ரெண்டாந்தடவ வாங்கித்தான் ஆவணும்" என்று சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி களியை வைத்தீர்கள்.

அந்தச் சாப்பாட்டைத்தான் கட்டுரையாக எழுதினேன். பேராசிரியர் அதை வகுப்பில் உரக்கப் படித்தார். மதங்கள் ஒன்றையொன்று தொடும் இடம் இது என்று பாராட்டினார். பின்னாளில் எனக்கு வேலை கிடைக்க அவர் சிபாரிசு செய்ததற்கும் அதுவே காரணம்.

தை பிறந்தது. கல்யாண மாதத்தில் நீங்கள் வீட்டில் இருந்தீர்கள். "ரேஷன் காலம்டா, யாரு பந்தி போடுறாங்க?" என்றீர்கள். பிறகு நெல்லிக்குப்பத்தில் ஆலைத் தொழிலாளிகளுக்குச் சமைக்கும் சாப்பாட்டுக் கடைக்குப் போனீர்கள். "அங்க அலைச்சல் கம்மி, சம்பளம் ஜாஸ்தி." நான் நம்பினேன். எனக்குப் பரீட்சை இருந்தது.

படிப்பின் கடைசி வருஷம் தெற்கு வீதியில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். ரேஷனைப் பற்றிய கவலையே தெரியாத பெரிய பந்தி. கொல்லைப்பக்கக் கோட்டை அடுப்பில் நின்றவர் முன்பு உங்களிடம் கையாளாக இருந்தவர். இந்தக் கல்யாணத்துக்கு அப்பாவை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன். என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"உனக்குத் தெரியாதா தம்பி? சாயபு வூட்டுப் புள்ளைக்கு எலை போட்ட கையால எங்களுக்குப் பொங்க வேணாம்னு வீதியில சொல்லிட்டாங்க. ஒங்கிட்ட மூச்சு வுடக் கூடாதுன்னு ஒங்கப்பா சத்தியம் வாங்கிட்டாரு."

பந்தியில் உட்காராமலே கிளம்பினேன். மறுநாள் காலை முதல் வண்டியில் நெல்லிக்குப்பம் வந்தேன். தாழ்ந்த தகரக் கூரைக்குக் கீழே, விறகுப் புகையில் இருமிக்கொண்டு, பெரிய அண்டாவைக் கிளறிக்கொண்டிருந்தீர்கள். மெலிந்து போயிருந்தீர்கள்.

"ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணுவ? படிப்ப வுட்டுடுவ. இல்லன்னா அந்தப் புள்ள மூஞ்சியில முழிக்க மாட்ட. ரெண்டுமே வேணாம்னுதான்."

"எல்லாம் என்னாலதானேப்பா..."

என்மேல் நீங்கள் கோபப்பட்டது அன்றுதான். கரண்டியை அண்டாவின் விளிம்பில் ஓங்கித் தட்டினீர்கள். "எலை போட்டது நானு. எனக்கு இல்லாத வருத்தம் ஒனக்கு எதுக்குடா?"

வீட்டுக்கு வாருங்கள் என்று கெஞ்சினேன். பரீட்சையை முடி, வருகிறேன் என்றீர்கள். நான் வேலைக்குப் போகும்வரை நீங்கள் அந்த அடுப்பை விடமாட்டீர்கள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஐப்பசி மழையில் உங்களுக்குக் காய்ச்சலும் மார்ச்சளியும் வந்தன. தகவல் கிடைத்து அம்மாவும் நானும் வந்து சேர்ந்தபோது, கடையின் பின்னறையில் உங்கள்மேல் வேட்டி போர்த்தியிருந்தது. பிறந்ததிலிருந்து தெற்குக் கோபுரத்தைப் பார்த்தே விழித்தவர் நீங்கள்.

துக்கத்துக்கு வந்த காதர் என் தோளில் முகம் புதைத்து அழுதான். "மாமா கையால இன்னொரு தடவ சாப்பிடணும்னு நெனச்சிருந்தேன், மச்சான்" என்றான். வீதியில் நடந்ததை நான் அவனிடம் சொல்லவில்லை. இனியும் சொல்ல மாட்டேன்.

இப்போது கடலூரில் அதே பாடத்தை நான் நடத்துகிறேன். உணவும் மதமும் பற்றிப் பேசும்போது காதரின் அம்மா காய்ச்சிய கஞ்சியைச் சொல்கிறேன். நம் வீட்டு இலையைச் சொல்ல வாயெடுத்தால் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிடுகிறேன். பையன்கள் நான் எதையோ மறந்துவிட்டதாக நினைத்துக் காத்திருக்கிறார்கள்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்கத்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன். ஆனால் எதற்கென்று கேட்பது, அப்பா? காதரைக் கூப்பிட்டதற்கு என்று எழுதினால் அந்த மதியமே தப்பென்று ஆகிவிடும். அதை உங்களால் தாங்க முடியாது. அதனால் அந்த ஒரு வரியை மட்டும் எழுதாமல், மனதிலேயே வைத்துக்கொண்டு வகுப்புக்குக் கிளம்புகிறேன்.

உங்கள் மகன்