வாப்பாவின் இடது கை

கீழக்கரை

அன்பு மகள் இஃப்ராவுக்கு உம்மா மஜீதா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உனக்கும் மாப்பிள்ளை இஃப்திகாருக்கும் உன் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் அல்லாஹ் குறைவில்லாத சுகத்தைத் தருவானாக.

போன் இருக்க உம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று சிரிக்காதே. போனை எடுத்தால் வாப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். அதனால்தான் லீவு முடிந்து உங்கள் சார்ஜாவுக்குத் திரும்பும் பக்கத்து வீட்டுப் பாக்கரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். படித்ததும் கிழித்துப் போடு.

பக்கவாதத்துக்குப் பிறகு வாப்பா எழுந்து நடமாடுவதை வீடியோவில் பார்த்தாய். நீ பார்க்காதது அவருடைய இடது கை. அது அவர் சொல் கேட்பதில்லை. வலது கை சட்டைப் பொத்தானைப் போட்டால் இடது கை கழற்றுகிறது. கதவைப் பிடித்தால் விடாது. விரல் விரலாக நான்தான் பிரித்துவிட வேண்டும். முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. இந்த வயசுல உங்களுக்கு என்ன குறும்பு என்று கேலிகூடப் பண்ணினேன்.

போன வாரம் கஞ்சி கொடுக்கக் குனிந்தேன். அந்தக் கை என் கழுத்தைப் பிடித்துவிட்டது. அவர் வலது கையால் அதை அடிக்கிறார், இழுக்கிறார், அழுகிறார், அது லேசில் விடவில்லை. வீட்டுக்குள்ள எதுக்கும்மா இம்புட்டு இறுக்கி முக்காடு போட்டிருக்கீக என்று கேட்டாயே, இதற்குத்தான்.

மூளையில் ரத்தம் போகாததால் வந்த கோளாறு, அவர் மேல் தப்பில்லை என்கிறார் மதுரை டாக்டர். வாப்பா ஒத்துக்கொள்ளவில்லை. மறுமையில அல்லாஹ் வாயைப் பூட்டிட்டு கையைத்தான சாட்சி பேசச் சொல்லுவான், இந்தக் கை என்னத்தச் சொல்லுமோ மஜீதா என்று நடுங்குகிறார். சும்மா இருங்க, அது சீக்கு, பாவமில்ல என்று சத்தம் போட்டேன். சத்தம் போட்டேனே தவிர, இப்போது கஞ்சியை எட்ட வைத்துவிட்டு நகர்ந்துகொள்கிறேன். இத்தனை வருஷம் குடும்பம் நடத்திய மனுஷரைப் பார்த்துப் பயப்படுவது வெட்கமாகவும் இருக்கிறது.

தலைப்பிள்ளையைத் தாய்வீட்டில் பெறுவதுதான் நம் வழக்கம். வாப்பாதான் மடியில் வைத்துப் பிள்ளை காதில் பாங்கு சொல்ல வேண்டும் என்று நீ சொன்னதிலிருந்து அவர் தினமும் சொல்லிப் பார்க்கிறார். குரல் அப்படியே இருக்கிறது. பிள்ளையைத் தரமாட்டேன் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல என்னால் ஏலாது. கேட்டால் கொடுத்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

யா அல்லாஹ், ஏதும் ஆகிவிட்டால்? அந்தக் கைக்கு ஒன்றும் தெரியாது. வாப்பாவும் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார். எல்லாம் தெரிந்தும் பிள்ளையைக் கொடுத்தவள் நானாகத்தான் இருப்பேன், ராசாத்தி.

நம் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். உனக்கு எழுதிய வீட்டுக்கு உன்னையே வராதே என்கிறேன். விமானம் ஏறக்கூடாது என்று அங்கே உன் டாக்டர் சொன்னதாக வாப்பாவிடம் பொய் சொல்லிவிடு; அந்தப் பாவம் என் தலையில் இருக்கட்டும். நீ லேசாகப் பெற்றெடுக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். வராதே மகளே.

உன் உம்மா,
மஜீதா