தொட்டில் கயிறும் நீலக் கொப்பியும்

அன்புள்ள சிஸ்டர்,

நீங்கள் எழுதிவந்த நீலக் கொப்பி இன்று காலை மடுல்சீமைக்குத் திரும்பி வந்தது. பதுளையிலிருந்து ஒரு ஃபாதர் கொண்டுவந்தார். திறந்ததுமே வசம்பு வாசனை, கூடவே பால்மா வாசனை. நீங்கள் ஆண்டவரிடம் போய் ஆறு வருடம் ஆகிறது. கொப்பிக்குள் மட்டும் நம் பிள்ளைக் காம்பரா அப்படியே இருக்கிறது.

உங்கள் செபங்களையும் தியானங்களையும் புத்தகமாகப் போடுகிறார்களாம். முன்னுரை அந்த ஃபாதருடையது. உங்களோடு வேலை செய்தவள் என்று என்னைத் தேடி வந்திருக்கிறார். பக்கங்களைப் புரட்டிக் காட்டினார். நாலு சொல் கோட்டில் நேராக வருகிறது, அடுத்த சொல் மேலே ஏறிவிடுகிறது. கொப்பி முழுக்க இதே கூத்துதான்.

"ஆண்டவரோட தரிசனம் கெடச்ச நேரத்துல சிஸ்டரோட கை நடுங்கியிருக்கு. முன்னுரையில முதல்ல இதத்தான் எழுதப்போறேன்," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேத்தண்ணி ஊற்றுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தாய்மார் பிள்ளைகளை இந்தக் காம்பராவில் நம்மிடம் விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்க மலை ஏறிவிடுவார்கள். தோட்டத்து ஆயா நான். மடத்திலிருந்து உதவிக்கு வந்தவர் நீங்கள். பதினோரு தொட்டில், நம் இரண்டு பேருக்கும் நாலு கை. உங்கள் இடது கையில் கயிறு, வலது கையில் பேனா, மடியில் கொப்பி. கயிறு போகிற பக்கம் தோளும் போகும், பேனாவும் போகும்.

"யாருக்கு சிஸ்டர் கடிதாசி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மேல இருக்கிறவருக்குத்தான். பதில்தான் லேட்டாகுது," என்றீர்கள்.

பிள்ளைகள் எல்லாம் ஒன்றாக அழத் தொடங்கினால், "உங்க மாரியம்மாவையும் ஒரு கை குடுக்கச் சொல்லுங்க. மாதாவும் நானும் களைச்சுப் போயிட்டோம்," என்பீர்கள். அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு நாம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

தேத்தண்ணியோடு திரும்பும்போது பயம் வந்தது. உண்மையைச் சொன்னால் உங்கள் மதிப்பு குறைந்துவிடுமோ? சொல்லாவிட்டால் புத்தகத்தில் கை நடுங்குகிற யாரோ ஒருத்திதான் இருப்பாள். என் சிநேகிதி அதில் இருக்கமாட்டாள். அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

"அது நடுக்கமில்லீங்க ஃபாதர். தொட்டில் ஆட்டுனது," என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. பிறகு அவசரமாகக் கொப்பியைப் புரட்டி ஓர் இடத்தை வாசித்தார்: "ஆண்டவரே, கயிற்றை விட்டால் பிள்ளை எழும்பிவிடும். என்னால் வர முடியாது. நீர் இங்கே வந்து பக்கத்தில் உட்காரும்."

"இது என்ன கயிறுன்னு ஆறு மாசமா யோசிச்சிக்கிட்டு இருந்தேங்க," என்றார்.

பிறகு அவரே பாயில் உட்கார்ந்து, ஒரு தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுதிப் பார்த்தார். அவருடைய சொல்லும் மேலே ஏறியது! இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். முன்னுரையைத் தொட்டிலிலிருந்து தொடங்குவதாகச் சொல்லிவிட்டுப் பசறை பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மத்தியானமாகிவிட்டது. கொழுந்துக்குப் போயிருக்கிற ராணியின் மகன் இப்போதுதான் கண்ணை மூடினான். கயிற்றை நான் இன்னும் விடவில்லை. என் எழுத்தையும் பாருங்கள் சிஸ்டர், நாலு சொல்லுக்கு ஒருதரம் மேலே ஏறுகிறது. பாயில், என் பக்கத்தில், உங்களுக்குக் கொஞ்சம் இடம் விட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.