நாலாவது சால்

இன்று காலை கொள்முதல் நிலையத்தில் தார்ப்பாயைத் தூக்கினேன். ராத்திரி மழையில் நனைந்த குறுவை நெல்லின் சூடும் புளிப்பு வாடையும் குப்பென்று முகத்தில் அடித்தன. நெல்லைக் களத்தில் பரப்பிவிட்டு, உலர்வதற்காகக் காலால் சால் இழுக்க ஆரம்பித்தேன். நான் ஒன்றும் நினைக்கவில்லை, வாய் அது பாட்டுக்குச் சொல்லத் தொடங்கிவிட்டது: கோமோ, கோமேஸ், கோமே.

போன வருஷம் இதே இடத்தில் என் குவியலுக்குப் பக்கத்தில் உன் குவியல், மாப்ள. சாக்கு வரவில்லை என்று நாள் கணக்கில் காத்துக் கிடந்தோம். என் பெண் பாப்பா ஸ்பெயினில் கல்யாணம் பண்ணிக்கொண்டு அங்கேயே இருக்கிறாள். பேரன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் அவனுக்கு ஸ்பானிஷைத் தவிர ஒன்றும் வாயில் நிற்கவில்லை. போனில் நான் "தங்கம், ராஜா" என்று கொஞ்சினால், கடையில் கத்தரிக்காயைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்ப்பான். அவன் மொழியில் நாலு வார்த்தையாவது பேசிவிட வேண்டும் என்று நான் சொன்னதும் நீ சிரித்த சிரிப்பில் எடை போடுகிறவர் திரும்பிப் பார்த்தார்.

"பத்தாவதுல தமிழ்லயே தேறாத பய நீ. ஒத்தையா படிச்சா ஒத்தையா ஃபெயிலாவே. இரு மாப்ள, நானும் படிக்கிறேன். துணைக்கு ஒரு ஆளாச்சு."

முதல் வினைச்சொல்லாக எது வேண்டும் என்று பாப்பா போனில் கேட்டாள். நாம் ரெண்டு பேரும் ஒரே மூச்சில் சொன்னது "சாப்பிடு". வேறு எதைக் கேட்போம்? யாரைப் பார்த்தாலும் நமக்கு முதலில் வாயில் வருவது அதுதானே. அவள் நிகழ்காலத்தை மட்டும் குரல் பதிவாக அனுப்பினாள். நான், நீ, அவன், நாம், நீங்கள், அவர்கள் என்று ஆறு விதம். மண்டையில் ஏறவில்லை. அப்போதுதான் நீ அந்த வழியைக் கண்டுபிடித்தாய். ஒரு சாலுக்கு ஒரு ஆள். 'நான்' என்றால் கோமோ, அதைச் சொல்லிக்கொண்டே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. திரும்பும்போது 'நீ', கோமேஸ். அடுத்தது 'அவன்', கோமே. நாலாவது சால் 'நாம்'. அதற்கு மட்டும் என்னைக் கூப்பிடுவாய். தோளில் கை போட்டுக்கொண்டு, ரெண்டு கிழவர்களும் "கோமேமோஸ், கோமேமோஸ்" என்று நெல்லைத் தள்ளிக்கொண்டு போவோம். மூட்டை தூக்குகிறவர்கள், "இவங்க என்ன சாமிக்கு விரதம்?" என்று கேட்டார்கள். "ஸ்பெயின் சாமி" என்றாய் நீ.

பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் நம் கூத்து. நான் "கோமேஸ்?" என்பேன். நீ பின்னாலிருந்து எட்டிப் பார்த்து "கோமேமோஸ்!" என்று கத்துவாய். நமக்கு அது நலம் விசாரிப்பு. அவனுக்கு? ஒருநாள் அவன் எழுந்து உள்ளே ஓடினான். பாப்பா சிரிப்பை அடக்கமுடியாமல் சொன்னாள்: "அப்பா, தாத்தாங்க ரெண்டு பேருக்கும் சோறே கிடைக்கலையான்னு கேக்குறான்." ஒரு துண்டு ரொட்டியோடு வந்து திரையில் ஒட்டிப் பிடித்தான். நீ போனைப் பிடுங்கி, திரையை நக்கி, சப்புக் கொட்டி, வயிற்றைத் தடவி ஒரு ஏப்பமும் விட்டாய். அவன் தரையில் புரண்டு சிரித்தான். என் பேரன் எனக்குக் கிடைத்தது அன்றுதான் என்று நினைத்தேன்.

சித்திரையில் நீ வயலிலேயே சாய்ந்தாய், எழுந்திருக்கவில்லை. பேரனிடம் அதைச் சொல்ல வேண்டாம் என்று பாப்பா சொன்னாள். அப்புறமும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிட்டேன். "கோமேஸ்?" என்பேன். வருவான், என் தோளுக்குப் பின்னால் பார்ப்பான், ஓடிவிடுவான். வெட்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று வாரத்துக்கு முன்னால் அவன் ஏதோ கேட்டான். பாப்பா, "அந்தத் தாத்தா எங்கன்னு கேக்குறான்ப்பா" என்றாள்.

அவன் இத்தனை நாளும் போனுக்கு வந்தது என்னைப் பார்க்க இல்லை மாப்ள. உன்னைப் பார்க்க. நான் உனக்குப் போன் பிடித்துக் கொடுத்த ஆள், அவ்வளவுதான்.

நீ இல்லை என்று அவன் மொழியில் சொல்ல எனக்கு என்ன தெரியும்? கையில் இருந்தது ஒரே ஒரு வினைச்சொல். அதைத்தான் சொன்னேன். "கோமே." சாப்பிடுகிறான்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே ஓடி ரொட்டியை எடுத்துவந்து திரையில் ஒட்டிப் பிடித்தான். நான் நாக்கை நீட்டினேன். சப்புக் கொட்டினேன். ஏப்பம் வரவில்லை. அவன் கொஞ்சநேரம் என்னையே பார்த்தான், ரொட்டியை எடுத்துக்கொண்டு போனான். அதற்கப்புறம் போனுக்கு வருவதில்லை. "விளையாடுறான்ப்பா, அடுத்த வாரம் பாக்கலாம்" என்கிறாள் பாப்பா. அவன் வரமாட்டேன் என்கிறான் என்று அவள் குரலிலேயே தெரிகிறது.

இன்று மூன்று சால் இழுத்தேன். நாலாவதைத் தொடாமல் தாண்டி ஐந்துக்கும் ஆறுக்கும் போய்விட்டேன். மத்தியானம் ஈரப்பதம் பார்க்க வந்தவர் கம்பியை நேராக நாலாவதில் கொண்டுபோய்க் குத்தினார்.

"என்னண்ணே, எல்லாப் பக்கமும் காஞ்சிருக்கு, இந்த வரிசையில காலே படலையே?"

"அதுக்கு ஒரு ஆள் வரணும் தம்பி."

"எப்ப வருவாரு?"

வாயில் வந்தது அந்த ஒரு சொல்தான், கோமே. சொல்லாமல் தார்ப்பாயை இழுத்து மூடினேன். மேற்கே கருத்துக்கொண்டு வந்தது.