கறிக்கு மீன் வாங்கிய கம்பனி

யூன் 3, செவ்வாய்

எழுந்ததும் அடுப்பு மூட்டவில்லை, முகமும் கழுவவில்லை. முதல் வேலையாகக் கம்பனி தந்த கிரீமைக் கைகளில் பூசினேன். சின்னக் குழாய். அமுக்கினால் கடுகளவு வருகிறது. மல்லிகை வாசம். மேலே தங்க எழுத்தில் ‘வாவியின் இரகசியம்’. செட்டிபாளையத்தில் இறால் உரிக்கிற பெண்கள் எல்லாருக்கும் தெரிந்த இரகசியம்.

இறால் கொம்பு குத்தி, ஐஸ் தண்ணீரில் ஊறி, விரல்கள் வெடித்துவிடும். வாவிக்கரை முள்ளி இலையை இடித்துத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சிப் பூசினால் மறுநாளும் வாடிக்கு, இறால் உரிக்கிற கொட்டிலுக்கு, வேலைக்குப் போகலாம். பூசாவிட்டால் போக முடியாது. இரத்தம் வடிகிற கையை வாடிக்காரர் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். இதைக் கம்பனி ‘கண்டறிந்தது’ என்று குழாயின் பின்பக்கம் சொல்கிறது. வாடியில் இறால் உரிக்கிற கேதீஸ்வரியின் குசினியில் கண்டறிந்தது என்று சொல்லவில்லை. இடம் போதவில்லையாக்கும்.

என் கைகள் மிருதுவாகிவிட்டன. வெண்கட்டி பிடிக்கிற கைகள். நேற்றும் மிருதுவாகத்தான் இருந்தன.

யூன் 5, வியாழன்

குழாயைக் கேதீஸ்வரியிடம் கொடுத்தேன். மணந்து பார்த்தாள். “டீச்சர், இது கைக்குப் பூசவா, கலியாணத்துக்குப் போகவா?”

யூன் 8, ஞாயிறு

பூசை முடிந்ததும் மீனவர் சங்கக் கட்டடத்தில் கூட்டம். ஆண்கள் கதிரையில், பெண்கள் பின்னால் பாயில். தலைப்பு: பயன்களை நீதியாகப் பகிர்தல். நீதி கதிரையிலிருந்தே தொடங்கிவிட்டது.

வந்திருந்தவர் வினோஜன். கம்பனியின் ‘சமூக இணைப்பாளர்’. வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்த பிள்ளை, நல்ல பிள்ளைதான். நானும் அங்கே தாவரவியல் படித்தவள் என்று கேள்விப்பட்டதிலிருந்து என்னை அக்கா என்கிறார். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கும் நாளில் கம்பனி ஆள் விளங்கப்படுத்தினால் செல்லாதாம். ஊர் நம்புகிற, நடுநிலையான ஒருவர் மைக்கில் விளங்கப்படுத்த வேண்டுமாம். அதற்கு என்னைத் தெரிந்தெடுத்தார்கள். சங்கத் தலைவரின் மனைவி! நடுநிலைக்கு இதைவிட எங்கே போவது?

“ஊருக்கு என்ன வேணும் எண்டு நீங்கதான் சொல்லணும்” என்றார் வினோஜன்.

தலைவர், என் கணவர் மத்தேயு, உடனே எழும்பினார். இந்தக் கேள்வி வரும் என்று அவருக்கு முன்பே தெரியும். “ஊர் வாசலுக்கு ஒரு வளைவு. ரெண்டு பக்கமும் மீன். மேல கம்பனிர பேர், கீழ நிருவாக சபை.”

கைதட்டல்.

பாயிலிருந்து யாரோ வாடிக்கு ஒரு தண்ணிக்குழாய் கேட்டார்கள். ‘ஏனையவை’ என்பதன் கீழ் குறித்துக்கொண்டார்கள். இலையைக் காய்ச்சியவர்களுக்கு ஏனையவை. காய்ச்சாதவர்களுக்கு வளைவு.

பிறகு வினோஜன் கேட்டார்: “இந்த மருந்து ஆருக்குச் சொந்தம்? பேரச் சொன்னா நல்லம்.”

கேதீஸ்வரி எழும்பவில்லை, இருந்தபடியே சொன்னாள். “கயிறு புடிச்ச எல்லாருக்கும், தம்பி.”

அவருக்கு விளங்கவில்லை. நான் விளங்கப்படுத்தினேன். கரைவலை இழுக்கும்போது வழியால் போகிறவர்கூடக் கயிற்றில் கைவைத்தால் அவருக்குக் கறிக்கு மீன் உண்டு. ஆர், எவர் என்று கேட்பதில்லை. வலையின் பங்கு மட்டும் வலைக்காரச் சம்மாட்டிக்கு.

காத்தான்குடியிலிருந்து வாடிக்கு வருகிற றஸீனா சிரித்தாள். “அப்ப நானும் கயிறு புடிச்சவதான் கா. எங்கட ஊருக்கும் ஒரு வளைவு போடச் சொல்லு.”

வினோஜனும் சிரித்தார். ஒரு பெயரையும் எழுதவில்லை.

யூன் 11, புதன்

இன்று ஆய்வுகூடத்துக்கு இலை கொண்டுபோக வினோஜன் வந்தார். பெண்கள் பறித்துக் கட்டிக் கொடுத்தார்கள். சாரதி தொலைபேசியில் இருந்ததால் வினோஜன் தானே மூட்டைகளைத் தலையில் வைத்து வாகனத்தில் ஏற்றினார். முள்ளு கழுத்தில் கீறிவிட்டது.

உடனே கேதீஸ்வரி வாடிக்குள் ஓடி ஒரு பை நிறைய மணலை மீனும் இறாலும் கொண்டுவந்து அவர் கையில் திணித்தாள். “கறிக்குத் தம்பி. வேண்டாமெண்டு சொல்லக் கூடாது.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மீன் பையும் பெண்களுமாகப் படம் எடுத்துக்கொண்டார். ஒவ்வொருவருக்கும் கும்பிட்டு நன்றி சொன்னார்.

வாகனம் போனதும் கேதீஸ்வரி கையைத் தட்டிக்கொண்டு சொன்னாள்: “சரி, அவனுக்குரியது குடுத்தாச்சி. கயிறு புடிச்சான், கறிக்கு வாங்கிற்றான். இனி சம்மாட்டிப் பங்கு கேக்க ஏலா.”

மற்றவர்கள் தலையாட்டினார்கள். ஊருக்கும் கம்பனிக்கும் இருந்த கணக்கு அங்கேயே தீர்ந்தது, அவர்களைப் பொறுத்தவரை. கறிக்கு மீன் வாங்கினவன் உதவிக்கு வந்தவன். வலை அவனுடையதல்ல. இதைவிட என்ன ஒப்பந்தம் வேண்டும்?

யூன் 12, வியாழன்

மத்தேயு வளைவுக்கு நிறம் தெரிவுசெய்கிறார். மஞ்சளா இளநீலமா என்று என்னிடம் கேட்டார். இந்தக் கவலையோடு ஒரு மனிதன் இரவு எப்படி நித்திரை கொள்கிறாரோ.

யூன் 17, செவ்வாய்

வாவிக்கரையில் முள்ளிப் பற்றையைச் சுற்றிக் கொங்கிறீட் கட்டைகள் நட்டிருக்கிறார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு கட்டையில் யாரோ ஆடு கட்டியிருந்தார்கள். இரண்டு கட்டைக்கு நடுவே கேதீஸ்வரி கயிறு இழுத்துச் சாறி காயப்போட்டிருந்தாள். “கம்பனிக்காரன் நல்லவன் டீச்சர். எங்களுக்குக் கொடி கட்டவும் வசதி செஞ்சி தந்திரிக்கான்.”

நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் சிரிப்பு நின்றுவிட்டது.

யூன் 18, புதன்

பாடசாலை விட்டதும் வினோஜனைச் செங்கலடியில் அவருடைய அலுவலகத்துக்குப் போய்ப் பார்த்தேன். கட்டை எதற்கு என்று கேட்டேன். மறைக்கவில்லை. மறைக்க ஒன்றும் இருப்பதாக அவர் நினைக்கவே இல்லை.

“கையெழுத்து வெச்ச பிறகு கம்பி அடிப்பாங்க அக்கா. கண்டபடி பறிச்சா செடி அழிஞ்சி போயிரும்தானே. கம்பனி அடையாளக் காட் குடுத்த ஆக்கள் மட்டும் பறிக்கலாம்.”

“பறிச்சு?”

“கம்பனிக்குக் குடுக்கலாம்.”

“தன்ட கைக்குப் பூச?”

யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். “அதுக்குத்தான் கிரீம் வருதே அக்கா. ஊராக்களுக்கு விலைக்கழிவு கேட்டிரிக்கன்.”

ஆகா. தன் மருந்தைத் தானே வாங்க விலைக்கழிவு. நீதியாகப் பகிர்வது என்றால் இதுதான். இத்தனை வருடமாகத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

இதற்குப் பெண்கள் சம்மதிக்கவில்லையே என்றேன். மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். அந்தப் படம். மீன் பை, கும்பிட்ட கை, கேதீஸ்வரியின் சிரிப்பு. கீழே: ‘சமூகம் தன் பாரம்பரிய முறைப்படி சம்மதத்தைக் கையளித்த தருணம்’. கொழும்பில் எல்லாருக்கும் மிகவும் பிடித்ததாம்.

உலகத்தில் இப்படி ஒரு உடன்பாடு நடந்திருக்காது. ஒரே பை மீனில் கரை தங்களுக்கு என்று இவர்களும், கரை தங்களுக்கு என்று அவர்களும். எல்லாருக்கும் மகிழ்ச்சி. மணலை மீனைத் தவிர.

அந்தப் பிள்ளைக்கு விளங்கப்படுத்தினேன். முகம் மாறியது. “இப்ப மாத்த ஏலாது அக்கா. மேல போயிற்று. நீங்க கையெழுத்து வெக்கிற அண்டைக்கு மைக்கில ‘கரை பாதுகாக்கப்படும்’ எண்டு மட்டும் சொல்லுங்க. அது பொய்யில்லையே.”

பொய்யில்லை. அதுதான் தொந்தரவு.

யூன் 21, சனி

வாடிப் பக்கம் போனேன். உள்ளே றஸீனா இல்லை. வாசலில் ஒரு பெட்டியின் மேல் கையை மடியில் ஒளித்துக்கொண்டு இருந்தாள். அவளிடம் எண்ணெய் முடிந்துவிட்டது. இரண்டு விரல் பிளந்திருக்கிறது. வாடிக்காரர் உள்ளே விடவில்லை. கேதீஸ்வரி தன்னுடைய போத்தலில் மிச்சமிருந்ததைக் கொண்டுவந்து ஊற்றினாள்.

“காசா பணமா கேட்டன் உன்னட்ட? பூசிற்றுத் திங்கக்கிழம வா.”

“திங்கக்கிழம நான் பறிச்சிற்று வாறன் கா. ஒனக்கும் சேத்து.”

எந்தத் திங்கட்கிழமை வரைக்கும் பறிக்க விடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. வாய்வரை வந்தது. கேதீஸ்வரி எனக்குக் கதிரை எடுத்து வந்து போட்டாள், டீச்சர் நிற்கக் கூடாதாம். அந்தக் கதிரையில் இருந்துகொண்டு எதைச் சொல்வது?

யூன் 22, ஞாயிறு

மத்தேயுவிடம் சொன்னேன். எல்லாம் தெரியும் என்றார். காட் விடயமும்.

“கேதீஸ்வரிக்கு மொதக் காட் நான் எடுத்துக் குடுப்பன், றோஸ். போதுமா?”

“வாவிக்கரையில அவட கைக்கு இலை பறிக்க அவக்கு எதுக்கு காட்?”

“ஒனக்கு ஊர் முன்னேறிறது புடிக்காது. படிச்ச ஆக்களுக்கு எல்லாத்திலயும் குத்தம்.”

“வளைவுக்குக் கீழால போனா வெடிச்ச கை மாறுமா?”

எழும்பிப் போய்விட்டார். சாப்பிடவில்லை.

என்னத்துக்கு எனக்கு இந்தக் கரைச்சல்? ஒரு வசனம். சொல்லிற்று இறங்கி வந்தா முடிஞ்சிது. அந்த மனுசன் வருசக்கணக்கா சங்கத்துக்கு ஓடித் திரிஞ்சிருக்கார். ஒருத்தரும் ஒரு மாலை போட்டதில்ல. பேர் ஒண்டு சீமெந்தில இருந்திற்றுப் போகட்டுமே எண்டு மனம் சொல்லுது. மறுகா றஸீனாட விரல் கண்ணுக்குள்ள நிக்கிது. ரெண்டையும் ஒரே மைக்கில எப்பிடிச் சொல்ற?

யூன் 24, செவ்வாய்

வளைவு இளநீலமாம். முடிவாகிவிட்டது. ஊர் நிம்மதியாக மூச்சு விடலாம்.

யூன் 27, வெள்ளி

நாளை கையெழுத்து. கொழும்பிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள். சங்கக் கட்டடத்துக்கு முன்னால் பந்தல் போட்டாயிற்று. பெண்கள் எல்லாரையும் ஒரே நிறச் சாறியில் வரச் சொல்லியிருக்கிறார்களாம், படத்துக்கு.

கேதீஸ்வரி பின்னேரம் கேற்றடியில் நின்று கேட்டாள், “நாளைக்கு நீங்க சொன்னாப் பிறகுதான் நாங்க கைவிரல் வெப்பம். நீங்க என்ன சொல்லுவீங்க டீச்சர்?”

“நாளைக்குக் கேளன்” என்றேன்.

இன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொன்னால் விளக்கு வைக்கும் முன் வாடி முழுக்கத் தெரியும், அடுத்ததாக மத்தேயுவுக்கு. காலையில் வேறொரு நடுநிலையானவர் மைக்கோடு நிற்பார். ஊரில் நடுநிலைக்குப் பஞ்சமில்லை. கொழும்புக்காரரும் பாயில் இருப்பவர்களும் ஒரே நேரத்தில் ஒரே சொல்லைக் கேட்க வேண்டும். பிறகு விரலை வைப்பதும் எடுப்பதும் அவர்கள் பாடு.

மத்தேயு முற்றத்தில் பேச்சுப் பழகிக்கொண்டிருக்கிறார். “எனது பாரியார் தற்போது விளங்கப்படுத்துவார்” என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் குரல் கொஞ்சம் உயர்கிறது. பெருமைதான். மன்னித்துக்கொள்ளுங்கள், மத்தேயு.

‘கரை பாதுகாக்கப்படும்’ என்று சொல்லத்தான் போகிறேன். அதோடு நிறுத்தப் போவதில்லை. கேதீஸ்வரியிடமிருந்தும் றஸீனாவிடமிருந்தும் பாதுகாக்கப்படும் என்று, அவர்கள் பேசுகிற பேச்சிலேயே, பெயர் சொல்லிச் சொல்வேன்.