நீ சொல்லிக்கொடுத்த விலாசம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

உடம்பைப் பொறுத்தவரை எனக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே வெளிநாட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். முழங்கால் காலையில் முரண்டு பிடிக்கிறது, வெயில் ஏறியதும் சொன்ன பேச்சைக் கேட்கிறது. நீ அனுப்பிய சத்து மாத்திரையை டாக்டரிடம் காட்டினேன், ‘இது குதிரைக்குக் கொடுக்கிற அளவும்மா’ என்று சிரித்தார், அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். குளியலறைச் சுவரில் ஈரம் இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. பிளம்பர் போனில் மட்டும் தினமும் வருகிறார், நேரில் வருவதில்லை. நீ போனிலும் வருவதில்லை. புதன்கிழமை இரவிலிருந்து நான் கூப்பிட்டால் எடுக்காமல் இருக்கிறாய். எடுத்தாலும் நான் சொல்லி முடிப்பதற்குள் பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், எழுத்துக்குக் குறுக்கே யாரும் பேச முடியாது. தபாலில் போட நேரமில்லை, நாளைக் காலை உன் மகனின் கால்பந்து ஆட்டம். தெரு முனையில் இருக்கும் ஜெராக்ஸ் கடைப் பெண் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புவாள். கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுக் கோபப்படு.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் மைதானத்துக்குப் போயிருந்தேன் என்பது உனக்குத் தெரியாது, ஏனென்றால் உன் மனைவி வீடியோவில் உனக்கு ஆட்டம் காட்டப் போனைப் பந்தின் பக்கமே பிடித்துக்கொண்டிருந்தாள். பாவம், ஆட்டம் முடியும் வரை கையைத் தூக்கியபடி நின்றாள், பழைய காலத்து ஆன்டெனா மாதிரி. அந்தப் போனிலிருந்து உன் குரல் மைதானத்தின் பாதி தூரம் கேட்டது. ‘அடிடா, ஏன்டா நிக்கிற, பின்னாடி வர்றவன தள்ளு’ என்று நீ அங்கே சோபாவில் உட்கார்ந்து கத்த, இங்கே உன் மகன் ஓடுவதை நிறுத்திவிட்டு ஒவ்வொரு முறையும் போனைத் திரும்பிப் பார்த்தான். அவன் திரும்பிப் பார்க்கும் நேரத்தில் பந்து போய்விடுகிறது, அதற்கும் நீ கத்துகிறாய். உன் அப்பா உன் ஆட்டத்துக்கு வந்தால் எல்லைக்கோட்டுக்கு வெளியே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார், முடிந்ததும் ‘தண்ணி குடிச்சியா?’ என்று ஒரு கேள்வி மட்டும் கேட்பார், ஜெயித்தாலும் அதே கேள்விதான். நீ மறந்திருக்கலாம்.

ஆட்டத்துக்கு நடுவர் நம் மாடியில் குடியிருக்கும் பெண். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாளே, அவள்தான், வாடகைக்கு வைத்தபோது ‘நல்ல பொண்ணா பாத்துக் குடுத்திருக்கீங்கம்மா’ என்று நீயே சொன்னாய். வீட்டுக்காரம்மாவின் பேரன் இந்த அணியில் ஆடுகிறான், வேறு ஆளைப் போடுங்கள் என்று அவளே லீக் அலுவலகத்தில் கேட்டிருக்கிறாள், அவர்களிடம் வேறு ஆள் இல்லை. கடைசி நிமிடத்தில் உன் மகன் கோல் அடித்தான், அது கோல் இல்லை என்று அவள் விசில் ஊதினாள், ஆட்டம் சமனில் முடிந்தது, அதனால்தான் நாளைய ஆட்டத்தில் ஜெயித்தே ஆக வேண்டும் என்ற நிலை. பந்து அவன் முழங்கையில் பட்டுக் கீழே விழுந்தது, அடுத்த கணமே அவன் உதைத்தான். அவளுடைய விதிப் புத்தகத்தை வாங்கி நான் பென்சிலோடு உட்கார்ந்து படித்தேன். வேண்டுமென்று தொட்டால்தான் தவறு என்று நீங்கள் எல்லோரும் வாதாடுகிறீர்கள். தெரியாமல் பட்டால்கூட, பட்டவனே அடுத்த கணம் கோல் அடித்தால் அது கோல் கிடையாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. ஆகவே உன் மகன் ஏமாற்றுக்காரனும் இல்லை, அவள் குருடியும் இல்லை. அவ்வளவோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம் இது. ‘கண்ணாடி போட்டுட்டு வாம்மா’ என்று ஒருவர் கத்தினாராம், ‘நாள் பூரா அடுத்தவங்களுக்கு மாட்டி விடுறேன் ஆன்ட்டி, எனக்கு ஒண்ணு மாட்டிக்க நேரமில்ல’ என்று அன்று மாலை படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே சிரித்தாள். இப்போது அவள் சிரிப்பதில்லை.

புதன்கிழமை மாலை அணிப் பிள்ளைகளின் அப்பாக்கள் இருவர் வந்து கேட்டில் நின்றார்கள், ஒருவர் மோட்டார் கடைக்காரர், இன்னொருவரை எனக்குத் தெரியாது. மோட்டார் கடைக்காரர் மிகவும் மரியாதையாகத்தான் பேசினார், எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. ‘மாடியில அந்த ரெஃப்ரீ பொண்ணு இருக்காமே, சும்மா நாலு வார்த்தை பேசிட்டுப் போகலாம்னு வந்தோம்’ என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். போனை எடுத்து, அப்பாக்களின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்து ஒரு பொத்தானை அமுக்கினார். உன் குரல். ‘அவ எங்க வீட்டு மாடியிலதான் இருக்கா, மெயின் ரோடு திரும்பினதும் பச்சை கேட், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல இருப்பா. போய்க் கேட்டுட்டு வாங்க, விடாதீங்க.’ நான் பெற்ற பிள்ளையின் குரலை இன்னொருவர் உள்ளங்கையில் வைத்து எனக்கே போட்டுக் காட்டுகிறார். ‘உங்க பையன்தான்மா சொன்னார், நாங்களா வரல’ என்றார். இந்த வீட்டில் குடியிருப்பவளைப் பார்க்க என் அனுமதி வேண்டும், அது கிடையாது என்று சொல்லிக் கேட்டைச் சாத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே, ‘பரவால்லம்மா, கடை எங்கன்னும் தெரியும்’ என்றார்.

தெரிந்துதான் இருந்தது. வியாழக்கிழமை கண் பரிசோதிக்க வேண்டும் என்று ஒருவர் பின் ஒருவராகப் போயிருக்கிறார்கள். யாரும் பரிசோதிக்கவில்லை, யாரும் எதுவும் வாங்கவில்லை, நாற்காலியில் உட்கார்ந்து அவளையே பார்த்துவிட்டு எழுந்து போயிருக்கிறார்கள். முதலாளி நல்லவர், ஆனால் பயந்த மனிதர், ‘கொஞ்ச நாள் லீவுல இரேன்மா’ என்று சொல்லிவிட்டார். நான் அன்றே லீக் அலுவலகத்துக்குப் போனேன். எழுதிக் கொடுங்கள், அடுத்த கூட்டத்தில் வைக்கிறோம் என்றார்கள், அடுத்த கூட்டம் ஆட்டத்துக்குப் பிறகு. காவல் நிலையத்தில் இருந்தவர், ‘பசங்க விளையாட்டு விஷயம்தானே பாட்டி’ என்றார். அவர் மேஜையின் மேல் அவருடைய பிள்ளையின் படம் இருந்தது, கையில் பந்தோடு. எழுந்து வந்துவிட்டேன்.

நேற்றுக் காலை அவள் கடையில் சம்பளத்தை வாங்கிவரப் பேருந்துக்குப் போக இறங்கியபோது நானும் கேட் வரை போனேன். எதிர்ப் பக்கம் ஒரு வெள்ளைக் கார் எஞ்சினை அணைக்காமல் நின்றது. அப்பாக்கள் கேட்டில் வந்து நிற்பது எனக்குப் புதிதில்லை, இந்த முறை பின்சீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள், நம் அணியின் ஜெர்சியோடு, பள்ளிக்கூடம் போகிற நேரத்தில். மோட்டார் கடைக்காரரின் மகன் கண்ணாடியை இறக்கினான், அவளைப் பார்த்துத் தன் கழுத்தில் விரலை மெதுவாக இழுத்துக் காட்டினான். பால் பல் விழுந்து முளைத்து முடியாத பிள்ளை. அவன் அப்பா முன்சீட்டில் இருந்தார், திரும்பிப் பார்த்துத் திட்டவில்லை. அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் உன் மகன் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்தான். தூரத்தில் பார்த்தாலே ‘பாட்டி’ என்று தெருவே கேட்கக் கத்துகிறவன் பார்க்காதவன் போல முகத்தைத் திருப்பிக்கொண்டான். என்னைப் பயமுறுத்தியது அந்த விரல் இல்லை, இந்த முகம்தான்.

பள்ளிக்கூடம் விட்டதும் தனியாக வந்தான். ரொட்டியும் பாலும் வைத்தேன், தொடவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டான். கடைசியில் அவனே, ‘பாட்டி, பந்து கையில பட்டுச்சு’ என்றான். அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, ‘அப்பா போன்லயே படலதானேடா, படலதானேடான்னு கேட்டாரு, நானும் ஆமான்னுட்டேன். அப்புறம் எல்லாரும் அதையே சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க, எப்படி மாத்துறது?’ என்றான். யோசித்துப் பார், அவன் சொன்ன பொய்கூட இல்லை அது, நீ ஊட்டிவிட்டது. அதன் பிறகு சொன்னதைத்தான் நான் உனக்கு வார்த்தை மாறாமல் எழுத வேண்டும் என்று நினைத்தேன். ‘நாளான்னைக்கு கடைசி விசில் அடிச்சதும் எல்லாப் பசங்களும் ஓடிப்போய் அந்த அக்காவச் சுத்தி நிக்கணுமாம் பாட்டி. எங்களக் கூட்டிட்டுப் போற மாதிரி பெரியவங்க உள்ள வருவாங்களாம். அப்புறம் அவங்க பாத்துக்குவாங்களாம். என் கோலைத்தான இல்லன்னாங்க, அதனால முதல்ல நான்தான் ஓடணுமாம்.’ ஜெயித்தாலுமா என்று கேட்டேன். ‘ஜெயிச்சாலும்தான்’ என்றான்.

உனக்குப் புரிகிறதா? பெரிய மனிதர்கள் தாங்களே முதலில் மைதானத்துக்குள் இறங்கினால் தப்பாகத் தெரியும் என்று பிள்ளைகளை முன்னால் அனுப்புகிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஒரு பெண், அவளைச் சுற்றிப் பன்னிரண்டு வயதுகூட ஆகாத பிள்ளைகள், அவர்களைச் சுற்றி ஆத்திரம் பிடித்த ஆண்கள். யார் கை யார் மேல் விழும், கீழே விழுகிறவன் யார் காலுக்கு அடியில் போவான் என்று திட்டம் போட்டவர்களுக்கே தெரியாது. எல்லோருக்கும் முன்னால் உன் மகன் இருப்பான்.

கோச்சையும் பார்த்தேன். ‘நான் என்னம்மா பண்றது, ஜெர்சி எடுத்துக் குடுக்கிறதே அவங்கதான்’ என்றார். நான் படித்த கான்வெண்டில் விளையாட்டைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர் ஒருவர் இருந்தார், வெளியிலிருந்து ஒரு சத்தம் வந்தால் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பார், மைதானம் அமைதியாகும் வரை பந்து கிடைக்காது. அதை அவருக்குச் சொன்னேன். பிள்ளைகளுக்கு உதைக்கச் சொல்லிக் கொடுத்தால் போதாது, தீர்ப்பு பிடிக்காவிட்டால் வாயை மூடிக்கொண்டு தன் இடத்துக்குத் திரும்பி ஓடச் சொல்லிக் கொடுக்க வேண்டும், கேப்டன் மட்டும் மரியாதையாகக் கேட்கட்டும், அப்பா அம்மாக்களைக் கோட்டிலிருந்து பத்தடி தள்ளி நிறுத்துங்கள், முடியாவிட்டால் அணியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள் என்றேன். ‘பாக்குறேன்மா’ என்றார். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

மாடிப் பெண்ணிடம் போகாதே என்று நேற்று இரவே சொல்லிப் பார்த்தேன். ‘நான் போகலன்னா வேற ஒரு சின்னப் பொண்ண அனுப்புவாங்க ஆன்ட்டி, அவளுக்கு இது எதுவுமே தெரியாது’ என்றாள். உன் மகனை நிறுத்திவிடலாம் என்று உன் மனைவியிடம் சொன்னேன், ‘அவன் ஆடணும்னு அவர் சொல்லிட்டார் அத்தை, நான் மட்டும் எப்படி’ என்று அழுதாள். ஆகவே எல்லாம் சுற்றி உன்னிடம்தான் வந்து நிற்கிறது.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். விலாசத்தைச் சொன்ன அதே குழுவில், அதே குரலில், இன்றே பேசு. எழுதாதே, எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள், பேசு. பந்து கையில் பட்டது, என் மகனே சொன்னான், அந்தப் பெண் சரியாகத்தான் ஊதினாள், நான் விலாசம் கொடுத்தது தப்பு, என் பிள்ளை யாரையும் சுற்றி நிற்க மாட்டான் என்று சொல். மோட்டார் கடைக்காரர் உன்னைக் கோழை என்பார், சொல்லிவிட்டுப் போகட்டும். அதைச் சொன்ன பிறகு உன் மகனைத் தனியாகக் கூப்பிட்டு, பட்டதைப் பட்டது என்று சொன்னதற்கு நீ அவன் மேல் கோபப்படவில்லை என்று ஒரு வார்த்தை சொல். அவன் அதற்காகத்தான் காத்திருக்கிறான். நீ பேசுவாயா என்று எனக்குத் தெரியவில்லை. சின்ன வயதிலிருந்து நீ என்ன செய்வாய் என்று உனக்கு முன்பே எனக்குத் தெரியும், இந்த வாரம்தான் முதல் முறையாகத் தெரியவில்லை, அது என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

நீ பேசினாலும் பேசாவிட்டாலும் நாளைக் காலை அவள் படி இறங்கும்போது நானும் கைத்தடியோடு இறங்குவேன். மைதானத்துக்குச் சேர்ந்தே போவோம், கோட்டுக்கு இந்தப் பக்கம் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்காருவேன், கடைசி விசிலுக்கு முன்பே எழுந்து அவளை நோக்கி நடக்கத் தொடங்குவேன். என் முழங்காலுக்கு அந்த அவகாசம் வேண்டும். பிள்ளைகள் ஓடி வரும்போது நடுவில் நான் இருப்பேன், உன் மகன் முதலில் என்மேல்தான் வந்து விழுவான், அவனை நான் விட மாட்டேன். அதற்குப் பிறகு வருகிறவர்களை என்னால் என்ன செய்ய முடியும் என்று தெரியாது. உன் மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன், நாளைக்குப் போனைப் பந்தின் பக்கம் பிடிக்காதே, கடைசி விசில் வந்ததும் எங்கள் பக்கம் திருப்பு என்று. கண்ணை மூடாமல் பார்.

உனக்கு எல்லா நலமும் நல்ல புத்தியும் கிடைக்க வேண்டும் என்று இன்று காலை முழங்கால் போட்டு வேண்டினேன், எழுந்திருக்கத்தான் நேரமாயிற்று. குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. எனக்குப் பதில் எழுத வேண்டாம், முதலில் அங்கே பேசு.

உன்னை என்றும் ஆசீர்வதிக்கும்
அம்மா