எதிர்த்தட்டில் வெல்லம்

ஜனவரி 6, செவ்வாய்
நாற்பத்து நான்கு கிலோ. டைஃபாய்டுக்கு முன்பு ஐம்பத்தைந்து. டாக்டர் பயமில்லை என்கிறார். சோறு இறங்குகிறது, எடை மெஷினில் முள் ஏறவில்லை. இனி இப்படியேதானா? ஐம்பது வந்தால் பள்ளிக்குத் திரும்பலாம் என்று நானே ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்.

ஜனவரி 11, ஞாயிறு
நான் பிழைத்தால் என் எடைக்கு வெல்லம் தருவதாக அம்மனுக்கு இவர் வேண்டிக்கொண்டிருக்கிறார். துலாபாரம்.

"இப்பவே குடுத்துடலாமே, சிக்கனம்" என்றேன்.

"சாமிய ஏமாத்த சொல்றியா அம்சா? தேறிக்கினு வா, அப்புறம் ஏறு."

பிரவீனா ஏனாத்தூரில் காமர்ஸ் படிக்கிறாள். "நிலாவுக்குப் போயிடுங்கப்பா. ஆறுல ஒரு பங்குதான் எடை. ஏழு கிலோல முடிஞ்சிடும்."

"அட, ஆமால்ல!" என்றார் இவர்.

சிரித்து வயிறு வலித்தது. அங்கே வெல்லத்துக்கும்தானே எடை குறையும்? எதிர்த்தட்டில் இதே நாற்பத்து நான்கை வைத்தால்தான் என் தட்டு எழும்பும். நம் வீட்டு முள் மெஷின் மட்டும் அங்கே ஏழு காட்டும். அது தரை என்னை இழுக்கும் பலத்தைத்தான் சொல்கிறது. நான் எவ்வளவு இருக்கிறேன் என்பது தராசுக்குத்தான் தெரியும்.

ஜனவரி 24, சனி
நாற்பத்தாறு!

பிப்ரவரி 15, ஞாயிறு
ஐம்பது. இவர்தான் முதலில் குனிந்து பார்த்தார். வெள்ளிக்கிழமை துலாபாரம். வாலாஜாபாத்திலிருந்து ஐம்பது கிலோ வெல்லம் வருகிறது.

பிப்ரவரி 20, வெள்ளி
நாற்பத்தேழு கிலோவிலேயே தட்டு நேரானது. "போதும்மா, எறங்குங்கோ" என்றார் குருக்கள். கூடையில் மூன்று கிலோ மிச்சம். இவர் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மெஷினைப் பார்த்தேன். யாரும் ஏறாமலே முள் மூன்றில் நிற்கிறது. இயற்பியல் டீச்சர் நான் – ஒருநாளாவது பூஜ்யத்தைப் பார்த்தேனா?

"தினம் மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு எறங்குன. பாக்க முடியல. அடியில சக்கரம் இருக்குதே, கொஞ்சம் கொஞ்சமா திருப்புனேன்" என்றார் இவர்.

எனக்கு வந்த கோபம்! "அப்ப எதுக்குய்யா தராசுல ஏத்துன? குட்டு உடையும்னு தெரியாதா?"

"தெரியும். சாமிகிட்ட பொய் சொல்லக் கூடாதும்மா."

"எங்கிட்ட?"

"உங்கிட்ட சொல்லலாம்."

பிரவீனா உள்ளே ஓடிப்போய்ச் சிரித்தாள். மெதுவாகத்தான் உறைத்தது – மூன்று போனாலும் மூன்று ஏறியிருக்கிறதே. அது நிஜம்.

பிப்ரவரி 23, திங்கள்
பள்ளிக்குப் போனேன், நாற்பத்தேழோடு. நின்றுகொண்டே பாடம் எடுத்தேன்.

காலையில் மெஷின் ஐம்பது காட்டியது. சக்கரத்தை நான் தொடவில்லை. எங்கள் வீட்டில் தரை கொஞ்சம் கூடுதலாக இழுக்கிறது. இருக்கட்டும்.